செஞ்சுபோடலாங்க அருள்செல்வன்

எங்கள் பனியன் கம்பெனியில் வாக்குக் கொடுப்பது அருள்செல்வன் வேலை. அதைக் காப்பாற்றுவது என் வேலை. அவன் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டு பையரிடம் பேசி, ஆர்டர் வாங்கி, தேதி குறிப்பவன். நான் நாகஜோதி, தையல் லைன் சூப்பர்வைசர். அவன் ஏசி அறையில் உட்கார்ந்து குறித்த தேதிக்குள் தைத்து முடிக்க வேண்டியவள். நான்கு வருடம் அவனோடு வேலை செய்தேன். அந்த நான்கு வருடத்தில் அவனைத் திட்டாமல் நிம்மதியாக மதியச் சோறு தின்ற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பையர் என்ன கேட்டாலும் அவன் வாயில் ஒரே பதில்தான். இருபதாம் தேதி கப்பல் ஏற வேண்டியதைப் பதினைந்தாம் தேதி கேட்டாலும் சரி, துணியைக் கத்தரித்து முடித்த பிறகு கழுத்து மாடலை மாற்றச் சொன்னாலும் சரி, "செஞ்சுபோடலாங்க." வெள்ளைக்காரனிடம் இங்கிலீஷில் சொல்வான், முதலாளியிடம் தமிழில் சொல்வான், சாயம் போடுகிற டையிங்கில் வேலை செய்கிற பீகார் பையன்களிடம் தெரிந்த அரைகுறை இந்தியிலும் சொல்வான். சொல்லிவிட்டு நேராக என் லைனுக்கு வந்து, மெஷின்களுக்கு நடுவே கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். அவன் நிற்கிற தோரணையைப் பார்த்தே எத்தனை நாள் பறிபோயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவேன்.

"என்னப்பா, எத்தனை நாளு?"

"அஞ்சு நாளுங்க்கா."

"உன் வாயில பாலியெஸ்டர் நூலக் கொண்டாந்து ஓவர்லாக் அடிச்சு விட்டாத்தான் நாங்க பொழைப்போம்."

சிரிப்பான். எனக்கு ஆறு வயது இளையவன். அவன் சிரித்தால் எனக்கு அதற்கு மேல் திட்ட வராது. அதுதான் எனக்கு அவன்மேல் இருந்த பெரிய கோபம்.

இவனிடம் விமானம் ஓட்டுகிற லைசென்ஸ் இருந்தது என்றால் புதிதாகச் சேர்ந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். அப்பா கன்னையன் சென்னிமலையில் தறி ஓட்டியவர். பிறகு பெருமாநல்லூரில் நான்கு நிட்டிங் மெஷின் போட்டார். ஒரே மகனுக்கு விமானப் பைத்தியம் என்று தெரிந்ததும் வாங்கிப் போட்டிருந்த இடத்தை விற்றுப் படிக்க அனுப்பினார். இருநூறு மணி நேரம் பறந்து லைசென்ஸோடு இவன் ஊர் திரும்பியபோது எந்த விமானக் கம்பெனியிலும் ஆள் எடுக்கவில்லை. இங்கிலீஷ் நன்றாகப் பேசுவான் என்பதால் எங்கள் முதலாளி குருசாமி கூப்பிட்டு வேலை கொடுத்தார். அது 2002.

லைசென்ஸ் ஒரு நீல ஃபைலில், சாம்பிள் துணிகள் அடுக்கியிருக்கும் ரேக்கில், கடைசித் தட்டில் இருந்தது. கம்பெனி வாசலில் நாங்கள் எல்லோரும் ரப்பர் செருப்பைக் கழற்றிப் போடுகிற இடத்தில் இவன் மட்டும் பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவைக் கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைப்பான். டீ குடிக்க வெளியே வரும்போது மேலே விமானம் போனால் அண்ணாந்து பார்க்கமாட்டான். கிளாஸைப் பார்த்தபடியே, அது எந்த ரகம், எங்கிருந்து வருகிறது என்று சொல்வான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு, இவ்வளவு தெரிந்தவன் இங்கே உட்கார்ந்து குழந்தை நைட்டியின் பட்டன் நிறத்துக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறானே என்று இருக்கும்.

இந்தச் 'செஞ்சுபோடலாங்க' அவனுக்கு எங்கிருந்து ஒட்டியது என்பது ஒரு தைப்பூசத்துக்கு அவன் வீட்டில் சாப்பிடப் போனபோது தெரிந்தது. அவன் அம்மா பூவாத்தாள் பரிமாறினார். எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டியிருந்தது. "ரசம் இருக்காம்மா?" என்றேன். "நெறஞ்சிருக்குது கண்ணு" என்றார். நான் சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரசம் வரவே இல்லை. அருள்செல்வன் குனிந்து, "தீந்துபோச்சுங்க்கா, அம்மா அப்பிடித்தான் சொல்லும்" என்றான். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டிலும் அரிசியோ விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெயோ தீர்ந்தால் அப்படிச் சொல்வதுண்டு. பூவாத்தாள் ரசத்தில் தொடங்கி நெருப்புப்பெட்டி வரை எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வாராம். இல்லை, முடியாது என்ற இரண்டு சொல்லும் அந்த வீட்டு வாசல்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில் இருபத்தைந்து வருடம் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை பையரிடம் வேறு எப்படிப் பேசுவான்?

2005இல் ஊரெல்லாம் புதுப்புது விமானக் கம்பெனி என்றார்கள். மே மாதம் அவனுக்கும் ஒன்றிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. சென்னையில், பெரிய ஓட்டலில். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அனுப்பி வைத்தோம். அவனுடைய வெள்ளைச் சட்டையை எங்கள் அயர்ன் மாஸ்டர் எக்ஸ்போர்ட் பீஸ் போலத் தேய்த்து, அட்டை வைத்து மடித்து, பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார். நான் காலரில் பிசிறு நூல் இருக்கிறதா என்று பார்த்துக் கத்தரித்தேன். நல்ல பேர் வாங்க எங்களுக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான். சட்டை சுத்தமாக இருக்க வேண்டும், கேட்டதற்கு மறுப்புச் சொல்லக் கூடாது.

இரண்டு நாள் கழித்து ஒரு கிலோ மைசூர்பாகோடு வந்தான். முகம் அப்படி மலர்ந்திருந்தது. டீ நேரத்தில் எல்லோரும் சுற்றி நின்று கேட்டோம்.

"நல்லாப் பண்ணியிருக்கறனுங்க்கா. பாடத்துல கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிப்போட்டேன். அப்பறம் சும்மா பேச்சுக் குடுத்தாங்க. உன்ற வேலை நேரம் முடிஞ்சுபோச்சு, வேற பைலட் ஆரும் இல்ல, இன்னொரு நடை ஓட்டுவியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஓட்டிரலாங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லீங்கன்னேன்."

என் கையிலிருந்த மைசூர்பாகு வாய்க்குப் போகவில்லை.

"அப்பறம், விமானத்துல ஏதோ ஒரு பார்ட்டு சரியில்ல, ஆனா பயணிங்க எல்லாம் உக்காந்துட்டாங்க, என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. எப்பிடியாச்சும் சமாளிச்சுப்போடலாங்கன்னேன். மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ரொம்பத் திருப்திங்க அவங்களுக்கு."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் உள்ளே தீப்பிடித்தது. "உனக்குக் கூறு கீறு இருக்காப்பா? ஒண்ணரை ஷிப்ட்டு தாண்டி உக்காந்தா என் டெய்லர் கையக் கொண்டுபோய் கழுத்துல வச்சுத் தைக்கிறா. அதப் பிரிச்சுத் தச்சுக்கலாம். நீ ஆகாசத்துல என்னத்தப் பிரிப்ப?" என்று கத்திவிட்டேன். அவன் முகம் வாடிப்போனது. பத்தாம் நாள் கடிதம் வந்தது. வருந்துகிறோம் என்று நாலே வரி. அதையும் நீல ஃபைலில் வைத்தான். அப்படிக் கத்தியிருக்க வேண்டாம் என்று எனக்கு அன்று முழுவதும் மனசு ஆறவில்லை.

அதன் பிறகு அவனாகவே ஒரு முடிவுக்கு வந்தான். முடியாது என்று சொல்லப் பழக வேண்டும். பழகியதை நான் கண்ணால் பார்த்தேன். டீக்கடைக்காரர் இரண்டாவது டீ ஊற்றவா என்றால், "வேண்டாங்க" என்பான். அவர் காதில் விழாதது போல ஊற்றுவார். இவன் குடித்துவிடுவான். கல்யாணத் தரகர் ஒருவர் வந்தபோது, இந்த மாதம் வேண்டாம் என்று சொல்லப் போவதாக என்னிடம் சபதம் செய்துவிட்டுப் போனான். திரும்பி வரும்போது ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று வீட்டில் பெண் பார்க்க ஒத்துக்கொண்டிருந்தான். சோமனூரில் ஒன்று, ஈரோட்டில் ஒன்று, உடுமலைப்பேட்டையில் ஒன்று. மூன்று வீட்டிலும் பஜ்ஜி தின்று திங்கட்கிழமை லீவு போட்டான்.

ஒருநாள் அவன் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஜெர்மன் பையர் ஒருவாரம் முன்னதாகச் சரக்குக் கேட்டு மெயில் போட்டிருந்தான். இவன் கம்ப்யூட்டரில் 'முடியாது' என்று இங்கிலீஷில் ஒரு வரி அடித்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அடுத்த வரியில், 'ஆனாலும் முயற்சி செய்கிறோம்' என்று அடித்தான். பிறகு முதல் வரியை அழித்துவிட்டு அனுப்பினான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. லைனுக்குப் போய் ஆட்களை ஒருவாரம் முன்னதாக விரட்டத் தொடங்கினேன்.

2006 செப்டம்பரில் இன்னொரு விமானக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அவனுக்கு இருபத்தொன்பது முடியப் போகிறது. ஒவ்வொரு வருடமும் சின்னப் பையன்கள் லைசென்ஸோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள், இதையும் விட்டால் அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று சொன்னான். எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவன் இதைச் சிரிக்காமல் சொன்னான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை இடி விழுந்தது. கிறிஸ்துமஸ் ஆர்டருக்கு பையரின் ஆள் வந்து கடைசிச் சோதனை செய்கிற தேதியை மாற்றிவிட்டார்கள். அதே செவ்வாய்க்கிழமை. அந்த ஆளிடம் பேசத் தெரிந்தவன் எங்கள் கம்பெனியில் அருள்செல்வன் ஒருவன்தான். அவன் பக்கத்தில் நின்றால் சின்னச் சின்னக் குறையெல்லாம் பேச்சிலேயே கரைந்துபோகும். அவன் இல்லாவிட்டால் அந்த ஆள் ஒவ்வொரு பெட்டியாகப் பிரிப்பார். சரக்கு நிற்கும். தீபாவளி போனஸும் நிற்கும்.

முதலாளி குருசாமி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். நேரடியாக அவனிடம் கேட்க அவருக்கே கூச்சம். "ஏம்மா ஜோதி, ஒரே ஒரு நாள் தள்ளி வெக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கச் சொல்லேன். நீ சொன்னா கேப்பான். அவன் என்னைக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கறான்?" என்றார்.

நான் போயிருக்கக் கூடாது. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் என் லைனில் நாற்பது பெண்கள் தீபாவளித் துணி எடுக்கக் காத்திருந்தார்கள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போனேன். இவன் எப்படியும் சரி என்றுதான் சொல்லப் போகிறான் என்ற தைரியமும் இருந்தது. அதை இன்றைக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவன் சாம்பிள் ரேக்கின் கடைசித் தட்டிலிருந்து நீல ஃபைலை எடுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒரே ஒரு நாளு அங்கிட்டுத் தள்ளிக் கேட்டுப் பாரேன். புதன்கிழமை வர்றேன்னு சொல்லு. அவங்களும் மனுசங்கதான."

அவன் ஃபைலை மேஜைமேல் வைத்தான். கையைப் பிசைந்தான். வாய் ஒருதரம் திறந்து மூடியது. அந்த 'செஞ்சுபோடலாங்க' அவன் தொண்டை வரை வந்துவிட்டதை நான் பார்த்தேன். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், ஃபைலைப் பார்த்து, மிக மெதுவாகச் சொன்னான்.

"முடியாதுங்க்கா."

நான் திரும்பி வந்தேன். நேராகக் கட்டிங் அறைக்குப் போய், துணிச் சுருளின்மேல் உட்கார்ந்தேன். முதலில் வந்தது கோபம்தான். ஊரில் உள்ள அத்தனை வெள்ளைக்காரனுக்கும் சரி சொன்ன வாய், டீக்கடைக்காரனுக்கும் தரகனுக்கும் சரி சொன்ன வாய், நான்கு வருடம் இவனுக்காக ராவும் பகலும் தைத்த எனக்கு மட்டும் மாட்டேன் என்கிறதா என்று கண்ணில் நீர் முட்டியது. மூக்கைச் சிந்தும்போதுதான் உறைத்தது, இவன் முடியாது என்று சொல்லிவிட்டான் என்பது. அதற்குப் பிறகு அழுகை நிற்காமல் வந்தது. ஆனால் அது வேறு அழுகை.

திங்கட்கிழமை சாயங்காலம் பூவாத்தாள் அவனை பஸ் ஏற்றிவிட வந்திருந்தார். நெற்றியில் விபூதி பூசி, "போயி, முடியாததெல்லாம் முடியாதுன்னு சொல்லிப்போட்டு வா சாமி" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சொல் அவர் வாயில் அன்றுதான் முதல்முதலாக வந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் பயந்தது போலவே நடந்தது. சோதனை செய்ய வந்தவர் பெட்டிகளைப் பிரித்துப் பரப்பினார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மூன்றே சொல். எஸ், நோ, சாரி. நோ என்று சொல்ல வேண்டிய இடத்தில் எஸ் சொன்னேனோ என்னவோ, முழுச் சரக்கையும் மறுபடி பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்தக் களேபரத்துக்கு நடுவில் என் செல்போன் அடித்தது.

"அக்கா, கெடுத்துப்போட்டேனுங்க."

"என்னப்பா ஆச்சு?"

"கேள்வி கேட்டவங்கள்ல ஒரு பெரியவருங்க. எங்கப்பா வயசு இருக்கும். வெள்ளை மீசை. விமானம் எறங்கறப்போ ஒரு ஒசரம் இருக்குதுங்க. அதுக்குள்ள ஓடுதளம் கண்ணுக்குத் தெரியணும். தெரியலீன்னா மேல ஏறிப்போடணும். அவரு கேக்கறாரு, நான்தான் கேப்டன், நீ பக்கத்து சீட்டு, எனக்கு முப்பது வருச அனுபவம், தெரியாட்டியும் நான் எறக்கறேன், நீ என்ன சொல்லுவ?"

"நீ?"

"முடியாதுங்க சார், மேல ஏறிரலாங்கன்னேன். பின்னால கம்பெனி முதலாளி உக்காந்திருக்கறாரு, அவசரமாப் போகணுங்கறாருன்னாரு. முடியாதுங்கன்னேன். மூணாந்தடவ மேசையத் தட்டி, எனக்குச் சொல்றதுக்கு நீ ஆருன்னு சத்தம் போட்டாருங்க. அப்பவும் முடியாதுங்கன்னுதான் சொன்னேன். சரி, நீ போலாம்னுட்டாங்க. பெரிய மனுசன் மூஞ்சிக்கு நேரா மூணு தடவ சொல்லியிருக்கறேன். இனி எவன் வேலை குடுப்பான்?"

சோதனைக்காரர் என்னை விரல் சொடுக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். "அவரு அம்புட்டு சத்தம் போட்டும் எப்படிப்பா சொன்ன?" என்று கேட்டேன்.

"உங்களுக்கே ஒருக்கா சொல்லிப்போட்டனுங்களே. அதுக்கப்பறம் அவருகிட்டச் சொல்றது அத்தனை கஷ்டமாத் தெரியலீங்க."

மூன்று வாரம் கழித்து வேலைக்கான கடிதம் வந்தது. சரக்கு இரண்டு நாள் தாமதமாகக் கப்பல் ஏறியது. போனஸும் ஒருவழியாக வந்துவிட்டது. அந்த இரண்டு நாளும் நான் அவனைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன், பழக்கதோஷம். கம்பெனியில் கடைசி நாளன்று எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தான். மதியம் இத்தாலிக்காரன் போன் செய்து ஒரு தேதி கேட்டான். கடைசி நாள்தானே, மனசு நோகக் கூடாது என்று, "செஞ்சுபோடலாங்க" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த ஆர்டரையும் நான்தான் தைத்தேன்.

2008 அக்டோபரில் முதலாளி ஒரு பையரைக் கூட்டிவரச் சென்னை போயிருந்தார். வந்து இறங்கியதும் காரிலேயே சாம்பிள் பார்க்க வேண்டும் என்று பையர் சொன்னதால், பெட்டியோடு என்னைக் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார். நல்ல மழை. விமானம் தலைக்கு மேலே வருகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகி, மேலே ஏறி, தேய்ந்துபோனது. இறங்க முடியாமல் பெங்களூருக்குத் திருப்பிவிட்டார்கள் என்று அறிவித்தார்கள். அழைத்துப்போக வந்தவர்கள் எல்லோரும் விமானக் கம்பெனியை வைதார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து வைதேன்.

மழை விட்டு, நான்கு மணி நேரம் கழித்து விமானம் வந்தது. முதலாளி முகம் சிவக்க வெளியே வந்தார்.

"அது ஆருங்கற ஜோதி? நம்ம அருளு. மைக்குல பேசறான். கோயமுத்தூர்ல மழை கடுமையா இருக்குதுங்க, ஓடுதளம் தெரியலீங்க, இப்ப எறங்க முடியாதுங்க, மன்னிச்சுக்குங்கங்கறான். பணிப்பெண்கிட்டச் சீட்டு எழுதிக் குடுத்து விட்டேன், கண்ணு, நான் குருசாமி உள்ள இருக்கறேன், கூட பையரு இருக்கறாருன்னு. அதுக்கும் அந்தப் பொண்ணு வந்து, முடியாதுன்னு சொல்லச் சொன்னாருங்க சார்ங்குது." அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் பாதி, பெருமை பாதி. "நாலு வருசம் என்ற கம்பெனியில இருந்தான். ஒரு நாளு, ஒருத்தருக்கு, முடியாதுன்னு சொல்லியிருப்பானா?"

நான் சாம்பிள் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"எனக்குச் சொல்லியிருக்காப்ல, முதலாளி" என்றேன். "மொதமொத எனக்குத்தான் சொன்னாப்ல."